நயாகரா மலையிடுக்கும் அதன் பாலங்களும்

நயாகரா என்றதும் நேயர்கள் பலருக்கும் நினைவில் எழுவது அதன் நீர்வீழ்ச்சியே. அந்த வீழ்ச்சியின் அடியிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 11 கிலோமீற்றர் தூரத்துக்கு நீண்டு கிடக்கும் மலையிடுக்கோ அத்துணை பேசப்படுவதில்லை. ஆயினும் அந்த இடுக்கினை உண்டாக்கியது வீழ்ச்சியே ஆகும். மேலே வன்மையான பாறைத்தட்டு. அதன் கீழே மென்மையான களிப்பாறை. விழும் நீர் கீழ்ப்பாறையை அரித்துச் செல்ல, தாங்குவாரற்ற மேற்றட்டு உடைந்து வீழ்கிறது. இவ்வாறு ஏறக்குறைய 12,000 ஆண்டுகளாக வீழ்ச்சி பின்வாங்கி வந்த வழியே இன்றைய மலையிடுக்கு.

இதன் ஒரு கரை கனடா. மறு கரை ஐக்கிய அமெரிக்கா. கரைகளோ செங்குத்தானவை; கீழே ஓடும் நீரோ படகு செல்லவொண்ணாத வேகமுடையது. இங்கே பாலம் அமைக்கும் பொறுப்பை ஏற்ற சாள்ஸ் எலற் என்னும் பொறியியலாளர், முதற் கயிற்றை அக்கரைக்குச் செலுத்துவது எவ்வாறு என்று ஆராய்ந்து, பட்டம் ஏற்றும் போட்டி ஒன்றை நடத்துவித்தார். 1848ஆம் ஆண்டில் ஹோமன் வால்ஷ் என்ற சிறுவனின் பட்டம் இடுக்கைக் கடந்தது. அதன் நூலில் சற்றுத் தடித்த கயிறும், அக்கயிற்றில் இன்னும் தடித்ததும் பிணைக்கப்பட்டு இழுக்கப்பட்டன. இறுதியில் இரும்புக் கம்பியே கடந்தது. அவ்வாண்டிலேயே ஒரு தொங்குபாலம் உருவாயிற்று.

தொங்குபாலத்தின் மீது புகையிரதம் செல்லுதல் இயலாது என்பது அக்காலப் பொறியியலாளர் பலரின் முடிபு. பாரத்தினாலும் காற்றினாலும் பாலம் அசைந்தாடி அழிந்துவிடும் என அவர்கள் அஞ்சினர். ஜோன் றோப்ளிங் அதற்கு விடை கண்டார். மேல் தளத்தில் புகையிரதம், கீழ்த் தளத்தில் வண்டிகள் என இரு தளங்களை வகுத்து, இரண்டையும் உறுதியான மரச் சட்டகத்தால் இணைத்தார், சாய்கம்பிகளாலும் பிணித்தார். 1855இல் அப்பாலத்தின் மேல் புகையிரதம் ஓடிற்று. மறு ஆண்டில் ஹரியற் ரப்மன் என்னும் வீராங்கனை, அடிமைத்தளையிலிருந்து தப்பியோரை அதே பாலத்தின் வழியாகக் கனடாவுக்கு அழைத்துச் சென்றார். அவர்களுக்கு அந்தப் பாலத்தின் நடு எல்லையே விடுதலையின் எல்லையாயிருந்தது.

சாய்கம்பிகளின் இன்றியமையாமையை இடுக்கின் வடகோடியிலிருந்த மற்றொரு பாலம் உணர்த்திற்று. 1851இல் குவீன்ஸ்ரனில் அமைந்த தொங்குபாலம் பாறைகளோடு கம்பிகளால் பிணைக்கப்பட்டிருந்தது. 1864இல் ஆற்றில் பனிக்கட்டி குவிந்தபோது அக்கம்பிகள் அவிழ்க்கப்பட்டன. மீண்டும் கட்டப்படுமுன் வீசிய கடுங்காற்றுப் பாலத்தைச் சிதைத்துவிட்டது.

றோப்ளிங்கின் பாலத்துக்குப் பதிலாக 1897இல் உருக்கு வில்வளைவுப் பாலம் ஒன்று எழுந்தது. அடுத்த ஆண்டு, வீழ்ச்சிக்கு அண்மையிலும் ஒன்று நிறைவேறியது. இதன் பாதங்கள் நீர்மட்டத்துக்கு மிக அருகில் ஊன்றப்பட்டிருந்தன. 1938 ஜனவரியில் ஈரி ஏரியிலிருந்து காற்றினால் தள்ளப்பட்ட பனிக்கட்டி மலைபோற் குவிந்து, அப்பாதங்களை நெருக்கியது. ஆபத்தை உணர்ந்தோர் போக்குவரத்தை முன்னரே நிறுத்தினர். 27ஆம் திகதி பாலம் முழுவதும் சரிந்து பனிக்கட்டியின் மீது வீழ்ந்தது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

அதன் அண்மையில் 1941இல் திறக்கப்பட்டதே, 950 அடி அகல்வளைவுடைய வானவில் பாலம். இதன் பாதங்கள் பனிக்கட்டி எட்டாத உயரத்தில், இடுக்கின் பாறைச் சுவரிலேயே பதிக்கப்பட்டன. இன்று அதன்மீது நின்று வீழ்ச்சியைக் காண்போரின் கண்ணுக்குப் பழைய பாலம் புலப்படுவதில்லை. எனினும் அது வீழ்ந்ததால் கற்ற பாடமே புதிய பாலத்தின் பாதங்களை உயர்த்தி வைத்தது.