மேற்படிப்புக் கடிதம் வருமுன் கடை முதலைத் தொடலாமா?

வேடந்தாங்கல் ஏரிக்குப் பறவைகள் வந்து தங்கும் கார்த்திகை முதல் மாசி வரையிலான நாட்கள்தாம் அந்தச் சாலையில் கடை வைத்திருப்போருக்கு வியாபார நாட்கள். படாளம், கருங்குழி, மதுராந்தகம் மளிகைக் கடைகளுக்கும் அந்த மாதங்களில்தான் பொங்கல் கொள்முதல் வருகிறது. அதே மாதங்களில் நம்மில் பலரது வீட்டில் இன்னொரு காத்திருப்பும் நடக்கிறது. பி.இ.யோ பி.எஸ்ஸியோ முடிக்கப் போகும் மகனோ மகளோ மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, பதில் வந்ததா என்று இரவெல்லாம் கைப்பேசியைப் பார்த்தபடி இருக்கிறார். கல்லாவில் இருக்கும் தகப்பனாருக்கு வேறு கவலை. இடம் கிடைத்துவிட்டால் பணத்துக்கு எங்கே போவது?

இரண்டு கவலையும் ஒன்று சேர்ந்தால் அவசரம் பிறக்கிறது. கடிதம் வருமுன்பே வீட்டுப் பத்திரத்தைத் தனியாரிடம் வைப்பது, நடக்கும் சீட்டை அதிகத் தள்ளுபடிக்கு எடுப்பது, கொள்முதலுக்கு வைத்த ரொக்கத்தை ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துக்கு முன்பணமாகக் கட்டுவது என்று காரியங்கள் நடந்துவிடுகின்றன. அப்படி அவசரப்பட வேண்டியதில்லை என்பதையும், காத்திருக்கும் நாட்களில் என்ன செய்து வைக்கலாம் என்பதையும் இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில் பதில் ஏன் தாமதமாகிறது என்று பார்ப்போம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம் போனால், பதில் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வருகிறது. துறை ஆசிரியர்கள் குழுவாக அமர்ந்து படித்து, முதலில் சிலருக்கு அழைப்பு அனுப்புகிறார்கள். அவர்களில் வேறிடம் போகிறவர்கள் மறுத்துச் சொன்ன பிறகுதான் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்கு வாய்ப்பு. ஆகவே பக்கத்துத் தெருப் பையனுக்கு மாசியிலேயே வந்துவிட்டது, நம் பெண்ணுக்கு வரவில்லை என்பதைக் கொண்டு எதையும் முடிவு கட்ட முடியாது. தினமும் சாப்பாட்டு வேளையில் "வந்ததா?" என்று கேட்பதை நிறுத்தினாலே வீட்டில் பாதி அமைதி திரும்பும்.

நம் நாட்டு ஐ.ஐ.டி.களில் எம்.டெக். சேர்வதற்குக் கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது, முடிவு மார்ச்சில் வருகிறது. இடங்கள் அதற்கும் பிறகு, 'கோவாப்' என்னும் பொது இணையதளம் வழியாகச் சுற்றுச் சுற்றாக ஒதுக்கப்படுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் மாணவருக்கு மூன்று வழிகள் உண்டு. கிடைத்த இடத்தை ஏற்று முடித்துக்கொள்ளலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டே மேலானது வருகிறதா என்று காத்திருக்கலாம். அல்லது வேண்டாம் என்று விட்டுவிட்டுக் காத்திருக்கலாம். மூட்டையை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த மண்டியில் விலை விசாரிப்பது நமக்குப் புதிதல்ல. நடுவில் உள்ள வழி அதுதான். ஆனால் குறித்த நேரத்துக்குள் எதையும் தெரிவிக்காமல் விட்டால் இடம் கைநழுவும். அந்த நாட்களில் பிள்ளையைக் கடையில் உட்கார வைத்துவிட்டு நாம் வெளியூர் போகாமல் இருப்பது நல்லது.

அடுத்தது பணம். இடம் கொடுத்தோம் என்று வரும் கடிதமும், பணம் கொடுக்கிறோம் என்று வரும் கடிதமும் வெவ்வேறு. பல வீடுகளில் குழப்பம் இங்குதான். அமெரிக்காவில் பி.எச்டி. ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்பவர்களில், குறிப்பாக அறிவியல், பொறியியல் துறைகளில், பெரும்பாலோருக்குக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் சேர்ந்தே வருகின்றன. அதற்குப் பதிலாக வகுப்பெடுக்க உதவுவார்கள், அல்லது பேராசிரியரின் ஆய்வில் வேலை செய்வார்கள். எம்.எஸ். எனப்படும் முதுகலைப் படிப்புக்கு அப்படியல்ல, பெரும்பாலும் கைப்பணம்தான். அந்த வகைக் கடிதங்களில் 'ஸ்காலர்ஷிப்' என்று ஒரு தொகை போட்டிருக்கும். மொத்தக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், விலைப்பட்டியலில் ஏற்றி எழுதிவிட்டுத் தள்ளுபடி கொடுப்பது போன்ற கதையாகவும் அது இருக்கக்கூடும். தள்ளுபடியைப் பார்க்காமல், போக மீதி எவ்வளவு என்று பார்ப்பது நம் தொழில். இங்கும் அதையே செய்யலாம்.

பண உதவி உண்டு என்ற கடிதம் வந்தாலும் சில கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு உறுதி? ஆண்டுக்கு 9 மாதமா, 12 மாதமா? மருத்துவக் காப்பீடு அவர்கள் பொறுப்பா? கட்டண விலக்கு போகத் தனிக் கட்டணங்கள் உண்டா? இவற்றைக் கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

"உடனே ஒப்புக்கொள், இல்லாவிட்டால் இடம் போய்விடும்" என்ற அவசரத்துக்கும் ஒரு தடுப்பு இருக்கிறது. அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கல்வி மன்றம் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறது. அதில் கையொப்பமிட்ட பல்கலைக்கழகங்கள், பண உதவியோடு கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லுமாறு மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பண உதவி இல்லாத வெறும் அனுமதிக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு அவரவர் வைத்த தேதியும் முன்பணமும் தனி. மறுபக்கமும் உண்டு. 2025-இல் ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டபோது சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பி.எச்டி. இடங்களைக் குறைத்தன, கொடுத்த அழைப்பைத் திரும்பப் பெற்றதும் நடந்தது. அதே ஆண்டு மே இறுதியில் மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் ஒதுக்கீடு சில வாரங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே கடிதம் வந்த பிறகும், விசா கைக்கு வரும்வரை பெருந்தொகையை இறக்குவதில் நிதானம் வேண்டும்.

இவ்வகைக் காத்திருப்பு நம் ஊருக்குப் புதிதல்ல. கணிதமேதை ராமானுஜனின் தந்தை கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர். ராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 8-ஆம் தேதி ஹார்டி பதில் எழுதினார். ஆனால் கப்பல் ஏறியது 1914 மார்ச் 17-இல்தான். இடையில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பிறகு இங்கிலாந்தில் படிக்க ஆண்டுக்கு 250 பவுனும் பயணச் செலவும் தர ஒப்புக்கொண்டது. அந்தத் தொகையிலிருந்து மாதம் 60 ரூபாயைக் கும்பகோணத்தில் இருந்த தாயாருக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ராமானுஜன் புறப்பட்டார். பணத்துக்கு வழி உறுதியான பிறகு பயணம். போகும்போது வீட்டுச் செலவுக்கும் ஏற்பாடு. அந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும்.

உதவித்தொகை கிடைக்காதவர்களுக்கு வங்கிக் கடன்தான் வழி. 2001-இல் ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தை வங்கிகளுக்கு அனுப்பிய பிறகு கல்விக் கடனுக்கு ஒரு பொது முறை ஏற்பட்டது. அதன்படி 4 லட்சம் வரை பெற்றோர் உடன் கையெழுத்துப் போட்டால் போதும், 7.5 லட்சத்துக்கு மேல் போனால்தான் சொத்து ஈடு. 4 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில், உள்நாட்டுப் படிப்பென்றால் 5 சதவீதமும் வெளிநாட்டுப் படிப்பென்றால் 15 சதவீதமும் நாம் போட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அந்தக் காலத்துக்குத் தனி வட்டிதான். திருப்பிக் கட்ட 15 ஆண்டு வரை கொடுக்கிறார்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'பிரதமர் வித்யாலட்சுமி' திட்டத்தில், பட்டியலிட்ட சிறந்த உள்நாட்டுக் கல்வி நிறுவனங்களில் தகுதியின் பேரில் இடம் பெற்றவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் வரை என்றால், 10 லட்சம் வரையான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் சலுகைக் காலத்திலும் 3 சதவீத வட்டி மானியமும் கிடைக்கும். நம்மில் பலருக்குப் பொருந்தக்கூடிய திட்டம் இது. பலரும் விசாரிப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டு எம்.எஸ். படிப்புக்கு 30 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டுப் படிப்பு, ஓராண்டு சலுகை. மூன்றாண்டுத் தனி வட்டி 9 லட்சம். பணம் தவணை தவணையாகப் போவதால் சற்றுக் குறையும் என்றாலும், 39 லட்சம் என்றே கொள்வோம். பத்தாண்டில் கட்டினால் மாதத் தவணை சுமார் 51,500 ரூபாய். பிள்ளைக்கு அங்கே வேலை கிடைத்தால் இது பெரிதல்ல. வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால், இந்தத் தொகையை மாதந்தோறும் கல்லாவிலிருந்து எடுக்க முடியுமா? முடியும் என்றால் தைரியமாக அனுப்பலாம். முடியாது என்றால், உள்நாட்டு எம்.டெக். படிப்பில் கேட் மதிப்பெண்ணுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்று ஆராய்ச்சிக்குப் போனால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டுச் செலவுக்கென 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ முடக்கக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கிறது. இவற்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

வியாபாரிகளாகிய நமக்கென்று தனியாகச் சில சிக்கல்கள் உண்டு. கல்விக் கடனில் தகப்பனாரோ தாயாரோ உடன் கடனாளி. தவணை தவறினால் நம் பெயரிலும் சிபில் கணக்கில் ஏறும். அடுத்த ஆண்டு கேஷ் கிரெடிட் புதுப்பிக்கப் போகும்போது மேலாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார். கடைப் பத்திரம் ஏற்கெனவே கேஷ் கிரெடிட்டுக்கு ஈடாக இருந்தால் வேறு வங்கி அதைத் தொடாது. அதே வங்கியில், சொத்து மதிப்பில் மீதி இருக்கிறதா என்று கேட்கலாம். பூர்வீகச் சொத்து பிரிவினை ஆகாமல் இருந்தால் அண்ணன் தம்பி கையெழுத்து வேண்டும்; அது ஒரு வாரத்தில் முடிகிற வேலையல்ல என்பது தெரிந்ததே.

வருமான வரிக் கணக்கும் அப்படித்தான். வரி குறையட்டும் என்று ஆண்டுதோறும் சிறிய தொகையாகக் காட்டிவிட்டு, கடனுக்குப் போகும்போது பெரிய வருமானம் இருக்கிறது என்று சொன்னால் வங்கி ஏற்காது. முந்தைய ஆண்டுகளின் கணக்கு நகல்களைத்தான் கேட்பார்கள். நாம் கசப்பாகவே இதைச் சொல்கிறோம். நம் பழக்கமே நம்மைக் கட்டிப் போடும் இடம் அது.

இங்கிலாந்துக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. காட்ட வேண்டிய பணம் மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விசா போகும். புளி, மிளகாய் வரத்து நேரத்தில் அந்தப் பணத்தை எடுத்துச் சுழற்றிவிட்டு மறுபடி போடலாம் என்று நினைக்கக் கூடாது. அந்த 28 நாட்களை வரத்துக் காலத்துக்கு வெளியே வைத்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

நகைக் கடன் பற்றிக் கேட்கிறார்கள். விமானச் சீட்டுக்கும் முதல் மாதச் செலவுக்கும் அது சரி. சில மாதங்களில் மீட்க வேண்டிய கடனை வைத்து இரண்டாண்டுப் படிப்பை ஓட்டுவது சரியல்ல. பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்த நகையை அவள் படிப்புக்கு எடுப்பதா என்று வீட்டில் பேச்சு வரும். அந்தப் பேச்சில் அந்தப் பெண்ணையும் உட்கார வைத்துப் பேசுங்கள் என்பதே நாம் சொல்லக்கூடியது.

வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகையில், ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் கைப்பணமாகப் போனால் வங்கி டி.சி.எஸ். பிடிக்கும், 2025 ஏப்ரல் முதல், வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் தொகைக்குப் பிடித்தம் இல்லை. கல்விக் கடன் வட்டிக்கு 8 ஆண்டுகள் வருமான வரிக் கழிவு உண்டு. அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் கணக்காளர் எந்த முறையில் தாக்கல் செய்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எனவே கடிதத்துக்குக் காத்திருக்கும் மாதங்களில் பணத்தைத் தொடாமல் காகிதங்களைத் தொடலாம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது, மூன்றாண்டு வருமான வரிக் கணக்கு, வருமானச் சான்று ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து, வங்கி வழக்கறிஞரிடம் முன்கூட்டியே ஒரு பார்வை வாங்கி வையுங்கள். நாமறிந்தவரை அதிக நாள் பிடிப்பது வில்லங்கச் சான்றில் பெயர்ப் பிழை திருத்துவதுதான். அதை மார்கழியிலேயே தொடங்கிவிடலாம்.