வீட்டு வைஃபை பாஸ்வேர்ட்: தெரிந்து வைத்திருக்கிறோமா?



விடுமுறையில் ஊர் வரும் சகோதரர் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்பது, "வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" பதில் தெரியாமல் இணைப்பு கொடுத்தவருக்கே போன் போடும் வீடுகள் கடலூரிலும் சிதம்பரத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நிறைய உண்டு. பல வீடுகளில் பாஸ்வேர்டே வீட்டுக்காரரின் மொபைல் எண்தான். தெருவுக்கே தெரிந்த எண்!

இதை அலட்சியமாக விடக் கூடாது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2008 ஜூலை 26 அன்று அஹ்மதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. போலீசார் தேடிப் போய் நின்றது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில். அவருடைய வைஃபைக்குப் பாதுகாப்பு இல்லை. வேறு யாரோ அதில் புகுந்து அனுப்பியிருக்கிறார்கள். விசாரணை, கணினி பறிமுதல் எல்லாம் நடந்தது. மறு ஆண்டே வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஐ.பி. முகவரி காட்டுவது இணைப்பு யார் பெயரில் என்பதைத்தான், பயன்படுத்தியது யார் என்பதை அல்ல. அதன் விளைவு என்னவென்று நம் சமுதாயத்துக்கு விளக்கத் தேவையில்லை.

பாஸ்வேர்டை மறந்துவிட்டால் முதலில் ரூட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள ஸ்டிக்கரில் 'கீ' அல்லது 'பாஸ்வேர்ட்' என்று இருக்கும். அதை மாற்றியிருந்தால், ஏற்கெனவே இணைந்துள்ள ஆண்ட்ராய்டு போனில் (10-ஆம் பதிப்பு முதல்) வைஃபை அமைப்பில் 'ஷேர்' அழுத்தினால் கியூஆர் கோடு வரும். சில போன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்டும் இருக்கும். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் நேரடியாகவே பார்க்கலாம். விண்டோஸ் கணினியில் வைஃபை பண்புகளில் 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போய் 'ஷோ கேரக்டர்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள்.

மாற்றுவதற்கு, பிரவுசரில் 192.168.1.1 (சில ரூட்டர்களில் 192.168.0.1) என்று அடித்து உள்ளே போக வேண்டும். அந்த உள்நுழைவு 'அட்மின்' என்றே இருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். வைஃபை பாஸ்வேர்ட் குறைந்தது 8 எழுத்து. நாம் சொல்வது 12-க்கு மேல். மாற்றியதும் டி.வி., சிசிடிவி கேமரா எல்லாவற்றிலும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அவசரப்பட்டு ரூட்டரின் ரீசெட் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். நிறுவனம் போட்டுக் கொடுத்த இணைப்பு விவரமும் அழிந்து நெட்டே நின்றுபோகலாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆன்லைன் வகுப்புக்குக் கேட்டால் மறுக்க மனம் வராது, மறுக்கவும் வேண்டாம். ரூட்டரில் 'கெஸ்ட்' நெட்வொர்க் இருந்தால் அதைத் திறந்து தனி பாஸ்வேர்ட் கொடுங்கள். நம் வீட்டுப் போன்களும், பெண்கள் நடமாடும் கூடத்துக் கேமராவும் அதிலிருந்து பிரிந்தே இருக்கும். ஆனால் அந்த வழியாக நடப்பதும் நம் பெயரில்தான் பதிவாகும். நன்கு தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்து, தேவை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுங்கள். பழைய 'வெப்' முறை உடைக்கப்பட்டு 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. டபிள்யூபிஏ3 வைத்து உம்மாவின் பழைய போன் இணையாவிட்டால், 2-க்கே திரும்பிவிடலாம்.