வீட்டு வளவுக் கனிச்செடிகளும் அவற்றின் பகைகளும்

கிணற்றடியில் ஒரு தேசியும், முற்றத்தோரத்தில் ஒரு மாதுளையும், வேலியருகே ஒரு கொய்யாவும் வைத்து வளர்த்தல் வன்னிப் பெருநிலப்பரப்பின் நெடுங்கால வழக்கமாகும். தாவரவியலார் இம்மூன்றின் பழங்களையும் சதைக்கனி என்னும் ஒரே வகையுள் அடக்குவர். கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளையில் 2009 ஆம் ஆண்டின் பின் மீளக்குடியமர்ந்தோர் தம் வளவுகளைப் புதிதாகவே உண்டாக்க வேண்டியவராயினர். விதையினின்று வளரும் தேசி காய்த்தற்கு நான்கைந்து ஆண்டுகள் செல்லும். ஆதலின் ஒரு செடி நோயுற்று மடியுமாயின் இழக்கப்படுவது ஒரு செடி மட்டுமன்று. நான்கைந்து ஆண்டு உழைப்புமாகும்.

செடி வாடக் கண்டவுடன் நஞ்சு தெளிக்க முற்படுதல் இன்று பலரிடத்தும் காணப்படும் இயல்பு. எனினும் பீடை வேறு, நோய் வேறு. நோயிலும் பங்கசினால் வருவது வேறு, பற்றீரியாவினால் வருவது வேறு. காரணம் அறியாது தெளிக்கும் நஞ்சு நோயைத் தீர்க்காது. கிணற்று நீரையும் நன்மை செய்யும் பூச்சிகளையும் கெடுத்தொழியும்.

முதற்கண் தேசியை நோக்குவோர்க்கு அதன் இளந்தளிரில் பறவை எச்சம் போன்றதொரு புழு புலப்படும். இது தேசி வண்ணத்துப்பூச்சியின் குடம்பி. வளர்ந்தபின் பச்சை நிறங் கொள்ளும். தொட்டால் தலையருகே கொம்பு போன்ற ஓர் உறுப்பை நீட்டிக் கடுமணம் வீசும். வளர்ந்த மரத்திற்கு இதனால் பெருங்கேடில்லை. இளங்கன்றையோ சில நாளில் மொட்டையாக்கிவிடும். காலையில் இலைகளைப் பார்த்துக் கையாற் பொறுக்கி அழித்தலே இதற்குப் போதிய மருந்து. தளிரில் வெள்ளிக் கோடுபோல வளைந்து செல்லும் தடம் இலைதுளைக்கும் சிறு பூச்சியின் வேலை. அத்தடத்தின் வழியே பற்றீரியாச் சொறிநோய் எளிதில் உட்புகும் என்பதே அதனால் விளையும் பெருந்தீங்கு.

சொறிநோய் கண்ட இலையிலும் காயிலும் தக்கைபோல் தடித்த புள்ளிகள் தோன்றும்; இலையில் அவற்றைச் சூழ மஞ்சள் வளையம் இருக்கும். மழையுடன் கூடிய காற்று இதனைப் பரப்பும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1995 இல் மீண்டும் தோன்றிய இந்நோயை ஒழிக்க ஒரு கோடிக்கு மேற்பட்ட மரங்கள் அழிக்கப்பட்டன. எனினும் 2004, 2005 ஆம் ஆண்டுகளின் சூறாவளிகள் அதனை எங்கும் பரப்பின. 2006 இல் ஒழிப்பு முயற்சியே கைவிடப்பட்டது. ஓர் அரசின் வலிமைக்கும் அடங்காத இந்நோய், கன்று வாங்கும்போதே இலைகளை ஆராய்ந்து நோயுள்ளதை விலக்குவோரின் வளவில் எளிதில் இடம் பெறாது. நோயுற்ற கிளைகளை வெயிற்காலத்தில் வெட்டி எரித்தல் நலம். இலை நனைந்திருக்கும்போது வெட்டுதல் நோயைப் பரப்புதலேயாம்.

இதனினுங் கொடியது பச்சையாதல் நோய். இலை நடுநரம்பின் இருபுறமும் ஒவ்வாது திட்டுத்திட்டாக மஞ்சளித்தல் இதன் அடையாளம். நாகச் சத்துக் குறைவினாலும் இலை மஞ்சளிக்கும். ஆயினும் அது இருபுறமும் ஒத்திருக்கும். பின்னதற்கு உரம் உண்டு, முன்னதற்குத் தீர்வில்லை. தெள்ளுப்பூச்சி பரப்பும் அந்நோய் கண்ட செடியைக் களைதலே ஏனைய செடிகளைக் காக்கும் வழி.

கண்டாவளைக்கே சிறப்பாய் உரியதோர் இடரும் உண்டு. இரணைமடுக் குளத்தின் மிகைநீர் கனகராயன் ஆற்று வழியே சுண்டிக்குளம் நோக்கிச் செல்லும் தாழ்நிலம் இது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் இப்பகுதி பெரிதும் பாதிக்கப்பட்டது. நீர் தேங்கிய மண்ணில் ஒருவகை நுண்ணுயிர் பெருகித் தேசியின் வேரை அழுகச் செய்யும். அடிமரப் பட்டை வெடித்துப் பிசின் வடியும். மேட்டில் நடுதலும், அடிமரத்தில் மண் அணையாதிருத்தலும், பாத்தி நீர் தண்டைத் தொடாதிருத்தலும் இதற்குத் தடை. பட்டை புண்பட்ட இடத்தைச் சுரண்டிப் போர்தோப் பசை பூசலாம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த இக்கலவை, 1885 இல் பிரான்சிய அறிஞர் மில்லார்தே முந்திரிகைக் கொடியின் பங்கசு நோய்க்கெனக் கண்டு வெளியிட்டதாகும். இதனை இரும்புப் பாத்திரத்தில் கரைத்தல் ஆகாது.

மாதுளைக்குப் பகை ஒரு சிறு வண்ணத்துப்பூச்சி. பூவிலும் பிஞ்சிலும் அது இடும் முட்டையினின்று வெளிவரும் புழு காயைத் துளைத்து உள்ளே வாழும். துளைவாயில் எச்சம் ஒதுங்கிக் காய் நாறி அழுகும். உட்புகுந்த புழுவை மருந்து எட்டாது. பிஞ்சு பிடித்தவுடன் துணிப்பையோ கடதாசிப் பையோ கட்டுதல் எளிய காவல். கொய்யாவின் பழ ஈயும் இத்தகையதே. அதன் புழு பழத்தினின்று வெளியேறி மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகும்; ஆதலின் விழுந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும். துளசியிலுள்ள ஒரு மணப்பொருள் ஆண் ஈக்களை ஈர்க்கும் தன்மையது. அதன் சாற்றைப் பொறியில் வைத்து அவற்றைப் பிடிப்பதும் உண்டு.

மூன்று செடிகளிலும் காணும் கரிபடிந்தாற்போன்ற கருமைக்கு மூலம் வேறு. அழுக்கணவன், செதிற்பூச்சி, வெண்மூட்டுப்பூச்சி ஆகியன சுரக்கும் இனிய நீரின்மேல் வளரும் பங்கசே அது. அந்நீரை நாடிய எறும்புகள் அப்பூச்சிகளைப் பேணிக் காக்கும். சவர்க்கார நீரால் இலைகளைக் கழுவி, எறும்பு ஏறும் வழியைத் தடுத்தால், எஞ்சியதைப் பொறிவண்டு உண்டு முடிக்கும். கலிபோர்னியாவின் தோடைத் தோட்டங்களைச் செதிற்பூச்சி அழித்தபோது, 1888 இல் அவுஸ்திரேலியாவினின்று கொணரப்பட்ட பொறிவண்டு இனமே ஈராண்டுகளுள் அவற்றைக் காத்தது. கண்டபடி நஞ்சு தெளிப்பவர் முதலிற் கொல்வது இக்காவலரையே.

ஆராய்ந்து வாங்கிய கன்று, வடிகாலுள்ள மேடு, தூய்மையான அடிநிலம், நாள்தோறும் இலையைப் புரட்டிப் பார்க்கும் கண் ஆகிய நான்கும் அமைந்த வளவில் நஞ்சுக்கு வேலை மிகக் குறைவு. விவசாயப் போதனாசிரியரிடம் நோயுற்ற இலையைக் காட்டித் தெளிந்த பின்னரே மருந்தை நாடுதல் அறிவுடைமையாகும். அவ்வாறு காக்கப்படும் செடியே வைத்தவர்க்கு மட்டுமன்றி அவர் மக்களுக்கும் பயன் தரும்.