கரித்துகளிடம் சிக்கும் டி.என்.ஏ.! பறவை எச்சம் கிளப்பிய பரபரப்பு

ஒரு துளி ரத்தம். அதற்குள் பதுங்கி இருக்கிறது ஒரு நோய்க்கிருமி. அதைக் காட்டிக் கொடுக்க பெரிய மெஷின் வேண்டாம், லென்ஸ் வேண்டாம். பென்சில் கரியும், டார்ச் லைட் செல்லில் இருக்கிற அளவு மின்சாரமும் போதும் என்றால் நம்புவீர்களா?

நம்பலாம். ஆனால் முழுசாக நம்பிவிடவும் கூடாது! 60 ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வரும் இந்த 'துப்பறியும் வேலை'யில் விஞ்ஞானிகளே ஏமாந்த கதையும் உண்டு.

பாதரசத்தில் கிடைத்த துப்பு

செக் நாட்டில் பிர்னோ என்று ஒரு நகரம். பட்டாணிச் செடிகளை வளர்த்து, பெற்றோரின் ஜாடை பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று கண்டுபிடித்த பாதிரியார் மெண்டல் வாழ்ந்த ஊர் இது.

1958ல் அதே ஊரில் எமில் பலேசெக் என்ற இளம் விஞ்ஞானி ஒரு விபரீத சோதனையில் இறங்கினார். டி.என்.ஏ. கலந்த உப்புத் தண்ணீரில் பாதரசத் துளிகளைச் சொட்டவிட்டு, மின்சாரத்தைப் பாய்ச்சினார்.

டி.என்.ஏ. மின்சாரத்துக்கு அசைந்து கொடுக்காத ஆசாமி என்று அப்போது பலர் எண்ணி இருந்தார்கள். ஆனால் கருவியின் திரையில் ஓடிய கோட்டில் பள்ளம் விழுந்தது. டி.என்.ஏ. 'வாய் திறந்து' விட்டது!

டி.என்.ஏ. என்பது இரண்டு இழைகள் பின்னிய கயிறு. இரண்டும் சேர்ந்து இருந்தால் ஒரு மாதிரி, பிரிந்து நின்றால் இன்னொரு மாதிரி சிக்னல் வந்தது. 1960ல் இதை உலகத்துக்கு அறிவித்தார் பலேசெக். இதற்கு உதவிய மின்சாரச் சோதனை முறையை 1922ல் கண்டுபிடித்த ஹேரோவ்ஸ்கியும் அதே நாட்டுக்காரர்தான். 1959ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதலில் கக்குவது யார்?

டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருப்பது நாலே நாலு எழுத்து. ஏ, டி, ஜி, சி. ஏ எதிரில் டி வரும். ஜி எதிரில் சி வரும். ஜோடி மாறவே மாறாது.

இந்த நாலு பேரில் 'ஜி' கொஞ்சம் ஓட்டை வாய். சுமார் ஒரு வோல்ட் மின்சாரத்தைக் காட்டி மிரட்டினாலே போதும், எலக்ட்ரானைக் கக்கிவிடும். அந்த எலக்ட்ரான் மின்சாரமாக ஓடுவதைக் கருவி அளந்துவிடும்.

சரி, தேடுகிற கிருமியின் டி.என்.ஏ.தான் வந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடத்தல்காரர்கள் ரூபாய் நோட்டைக் கிழித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வது போலத்தான்! இரண்டு பாதியும் பொருந்தினால்தான் ஆள் சரி. தேடுகிற டி.என்.ஏ.வுக்கு எதிர்ப்பாதியை முதலிலேயே செய்து, கரித் தகட்டில் ஒட்டி வைக்கிறார்கள். ரத்தத்தில் இருந்து பிரித்த டி.என்.ஏ. அதன்மேல் விழுகிறது. மறுபாதி அதில் இருந்தால் வந்து கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும்.

இதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒட்டி வைத்த பாதியிலேயே 'ஜி' இருந்தால் அதுவும் எலக்ட்ரானைக் கக்கி குட்டையைக் குழப்பும் அல்லவா? ஆகவே அதை நீக்கிவிட்டு, 'ஜி' போலவே நடிக்கும் 'இனோசின்' என்ற டூப்பைப் போடுகிறார்கள். பிறகு 'ஜி' சிக்னல் வந்தால், வந்தவன்தான் கக்கினான் என்பது உறுதி. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று!

ஒரு கிராமில் 12 கிரவுண்டு!

பாதரசம் விஷம். அதை எங்கே எடுத்துப் போவது? அந்த இடத்துக்கு கரி வந்து சேர்ந்தது. குமாஸ்தாக்கள் காதில் செருகிக்கொள்ளும் சாதாரண பென்சிலின் கரிக்குச்சியிலேயே டி.என்.ஏ.வைப் பிடித்துக் காட்டினார்கள் விஞ்ஞானிகள்.

பிறகு வந்ததுதான் 'நானோ' கரி. 1991ல் ஜப்பான் விஞ்ஞானி சுமியோ இஜிமா, கரித்துகளில் மெல்லிய குழாய்கள் இருப்பதைக் கண்டார். மிக மெல்லிய குழாயின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்குதான்.

2004ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் கெய்ம், நோவோசெலோவ் என்ற இருவர், பென்சில் கரியில் ஒட்டும் டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்தே ஒரே ஒரு அணு கனமுள்ள கரித் தாளை எடுத்தார்கள். அதன் பெயர் கிராஃபீன். 2010ல் நோபல் பரிசு இவர்களுக்குத்தான்.

ஒரு கிராம் கிராஃபீனைப் பிரித்து விரித்தால், இரு பக்கமும் சேர்த்து அதன் பரப்பு ஏறக்குறைய 12 கிரவுண்டு இருக்கும் என்பது கணக்கு. இடம் அதிகம் என்றால் பொறியும் அதிகம். எலக்ட்ரானும் இதில் மளமளவென்று ஓடும்.

அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், 2003ல் கரிக்குழாய்களை நாற்று நட்டது போல நிறுத்தினார்கள். நுனி மட்டும் வெளியே தெரியும்படி மற்றதை மூடிவிட்டு சோதித்தபோது, சில அட்டோமோல் டி.என்.ஏ.கூட சிக்கியது. ஒரு அட்டோமோல் என்பது சுமார் 6 லட்சம் மூலக்கூறு. லட்சமா என்று மலைக்க வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீரில் உள்ள மூலக்கூறுகளை எழுத, 1-க்குப் பின்னால் 21 சைபர் போட வேண்டும்!

2009ல் சீனாவின் சாங்சுன் நகர விஞ்ஞானிகள், கிராஃபீன் தகட்டில் நாலு எழுத்தையும் தனித்தனியாக அடையாளம் காட்டினார்கள்.

கரிக்குள் ஒளிந்திருந்த இரும்பு

எல்லாரும் 'ஆகா, கரியின் மகிமை' என்று புகழ்ந்துகொண்டு இருந்தபோது ஒரு குண்டு வெடித்தது.

கரிக்குழாய்களை வளர்க்க இரும்பு, நிக்கல், கோபால்ட் பொடி தேவை. அமிலத்தில் கழுவினாலும் அதில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். 2006ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் காம்ப்டன், பேங்க்ஸ் குழுவினர், ஹைட்ரசீன் போன்ற ரசாயனங்களைக் கண்டுபிடிக்கும் சோதனைகளில் கரியின் சாதனை என்று சொல்லப்பட்டது உண்மையில் இந்த உலோகக் கசடின் வேலை என்று நிரூபித்தார்கள். பேர் ஒருவனுக்கு, வேலை செய்தது இன்னொருவன்!

2020ல் இன்னொரு கூத்து. செக் தலைநகர் பிராக்கில் மார்ட்டின் புமேரா குழுவினர், கிராஃபீனில் பறவை எச்சத்தைக் கலந்து சூடாக்கினார்கள். அது வெறும் கிராஃபீனை விட நன்றாகவே வேலை செய்தது! டி.என்.ஏ. சோதனை அல்ல அது. கிராஃபீனில் எதையாவது கலந்துவிட்டு 'அற்புதம், அற்புதம்' என்று அறிவிப்பவர்களைக் கிண்டல் செய்யவே இந்தச் சோதனை. எச்சத்தில் உள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம்தான் அந்த 'அற்புதத்துக்கு' காரணம்.

ஒரு எழுத்து தப்பினால்...

இதில் நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். ஒரு தொகுதிக் கரியில் இரும்பு அதிகம், இன்னொரு தொகுதியில் குறைவு என்றால், ஒரே ரத்தத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு ரிசல்ட் வரலாம். நோய் இல்லாதவன் மாத்திரை விழுங்குவான். நோய் உள்ளவன் நிம்மதியாக வீட்டுக்குப் போவான்.

அரிவாள் செல் ரத்தசோகை என்ற நோய்க்கு காரணம், டி.என்.ஏ.வில் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி' இருப்பதுதான். ஒரே ஒரு எழுத்து! கிழிந்த நோட்டில் ஒரு நூல் அளவு பொருந்தாததையும் கண்டுபிடித்தாக வேண்டும். ரத்தத்தில் உள்ள புரதங்களோ தகட்டின்மேல் போய் அப்பிக்கொண்டு வழியை மறிக்கும். சுத்தமான தண்ணீரில் ஜெயித்த கருவி, ரத்தத்தில் பாச்சா பலிக்காமல் திணறுவது இதனால்தான்.

மின்சாரத்தால் டி.என்.ஏ.வைக் காட்டும் மெஷின்கள் வெளிநாடுகளில் ஏற்கெனவே உண்டு. ஆனால் அவை 2020ல் கொரோனாவுக்கு மூக்கில் குச்சிவிட்டு எடுத்த சோதனையைப் போல, முதலில் டி.என்.ஏ.வைப் பல கோடி நகல்களாகப் பெருக்கிக்கொண்டே வேலையைத் தொடங்குகின்றன. பெருக்காமலே, ஒரு துளி ரத்தத்தில் நேராகப் பிடிப்பதுதான் கரி ஆராய்ச்சியாளர்களின் கனவு.

அது நடக்காத காரியமும் அல்ல. சர்க்கரை நோயாளிகள் வீட்டிலேயே மின்சார முறையில் ரத்தம் பார்க்கும் கருவி, 1987ல் பேனா வடிவில் விற்பனைக்கு வந்தது. முதல் சர்க்கரை உணர்கருவி பற்றி அறிவித்தது 1962ல். ஆக, ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்து வீட்டு மேஜைக்கு வர 25 ஆண்டு பிடித்தது.

பலேசெக் 2018ல் காலமானார். அவர் தொடங்கி வைத்த விசாரணை இன்னும் முடியவில்லை. 'டி.என்.ஏ. மீட்டர்' ஒரு நாள் மருந்துக் கடைக்கும் வரலாம். அதற்கு முன் கரித்துகள் இன்னும் பல தடவை சாட்சிக் கூண்டில் ஏறியாக வேண்டும். கூடவே, உள்ளே ஒளிந்திருக்கும் இரும்பையும் விசாரித்தாக வேண்டும்!