காப்புரிம விண்ணப்பத்தில் விவரிப்பும் உரிமைக்கோரலும்

காப்புரிம விண்ணப்பத்தின் முழு விவரக்குறிப்பில் இரண்டு பகுதிகள் முக்கியமானவை. கண்டுபிடிப்பு எப்படி அமைந்துள்ளது, எப்படி இயங்குகிறது என்று சொல்வது விவரிப்பு. பிறர் நுழையக் கூடாத எல்லையை வகுப்பது உரிமைக்கோரல். விவரித்ததற்கு மேல் கோரக் கூடாது என்பது விதி. இந்தியக் காப்புரிமச் சட்டம், 1970, 10ஆம் பிரிவின்படி, கண்டுபிடிப்பை முழுமையாக விவரித்து, விண்ணப்பதாரர் அறிந்த மிகச் சிறந்த செய்முறையையும் வெளியிட வேண்டும். கோரல்கள் அந்த விவரிப்பை நியாயமான அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். தவறினால் 64ஆம் பிரிவின்கீழ் காப்புரிமத்தை நீக்கலாம்.

காஞ்சிபுரத்துத் தறியை எண்ணிப் பாருங்கள். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். மறுபக்கக் கரைக்கு நாடா போட உதவியாள் ஒருவர் வழக்கமாகக் கூட உட்காருவார். உதவியாள் இல்லாமலே நெய்ய, மிதியும் கயிறும் கொண்ட அமைப்பு ஒன்றை ஒரு நெசவாளர் உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் படத்துடன் விவரித்துவிட்டு, "உதவியாள் இன்றிக் கோர்வை நெய்யும் எல்லாச் சாதனங்களும்" என்று கோரினால்? பிள்ளையார்பாளையத்தில் நாளை வேறொருவர் மோட்டார் வைத்துச் செய்வதும் அதில் அடங்கிவிடும். அவர் கற்றுத்தராததை அவருடையது என்பது எப்படி? மிதி, கைப்பிடி, மோட்டார் மூன்றையும் சராசரித் திறனுள்ள நெசவாளர் படித்துச் செய்யும் அளவுக்கு விளக்கியிருந்தால் விரிந்த கோரலுக்கு ஆதாரம் இருக்கும். (விண்ணப்பித்த பிறகு புதிய விஷயத்தைச் சேர்க்க 59ஆம் பிரிவு இடம் தராது. மாணவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.) மரபான கோர்வை முறைக்கோ காப்புரிமமே கிடையாது, காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பது புவிசார் குறியீடு.

இந்தக் கேள்வி உயிர் காக்கும் மருந்திலும் எழுந்தது. இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் 1998இல் சென்னைக் காப்புரிம அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006இல் அது நிராகரிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத்தில் நிறுவனம் வைத்த வாதங்களில் ஒன்று: முந்தைய சிம்மர்மன் காப்புரிமத்தின் கோரல் மெசிலேட் உப்பையும் உள்ளடக்கும், ஆனால் அதன் விவரிப்பு அந்த உப்பை வெளிப்படுத்தவில்லை. அதே காப்புரிமத்தைக் காட்டித்தான் பிரிட்டனில் நாட்கோ நிறுவனத்தின் விற்பனையைத் தடுக்க அறிவிப்பு அனுப்பப்பட்டிருந்தது. தடுக்கும்போது அகலம், புதிதாகக் கேட்கும்போது குறுகலா?

கோரலின் பரப்புக்கும் வெளிப்படுத்தலுக்கும் இடையே அவ்வளவு பெரிய இடைவெளியை ஏற்க முடியாது என்று 2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தீர்ப்பளித்தனர். பீட்டா வடிவமும் 3(ஈ) உட்பிரிவின் சோதனையில் தேறவில்லை. இந்திய நிறுவனங்கள் தம் மாத்திரைகளைக் குறைந்த விலையில் தொடர்ந்து விற்றன.