மூட்டுக்குள் ஒரு பூட்டு

முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியும் முன்பே போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறிப் போகிறார்கள். ஏலச்செடியின் காய் தூரடியில், மண்ணை ஒட்டிய சரங்களில் காய்க்கிறது. குனிந்தும் குத்தவைத்தும்தான் அதை எடுக்க முடியும். காய் எடுத்தவர்கள் எழுந்து சமதரையில் நிற்கும்போது பாருங்கள்: முழங்காலை விறைப்பாக நிமிர்த்தித்தான் பலரும் நிற்பார்கள். அசதியில் உடல் தானாகத் தேடிக்கொள்ளும் நிலை அது.

அந்த நிலையில் மூட்டு தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. முழங்கால் முழுதாக நீளும் கடைசிக் கட்டத்தில், ஊன்றிய காலின் தொடை எலும்பு கீழ்க்கால் எலும்பின் மேல் லேசாக உள்பக்கம் திருகிக்கொள்ளும். எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் இறுகும். அதன்பின் தொடைத்தசைக்குப் பெரிய வேலை இல்லை. பாரத்தை எலும்பும் நாரும் ஏற்றுக்கொள்கின்றன. மறுபடி காலை மடக்க வேண்டுமானால் அந்தத் திருகலை முதலில் அவிழ்க்க வேண்டும். மூட்டின் பின்புறம் சாய்வாகக் கிடக்கும் பாப்லிட்டியஸ் என்ற சின்னத் தசைக்கு அதுதான் வேலை.

பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் முன்னால் நிற்பவனின் முழங்கால் மடிப்பைப் பின்னாலிருந்து தட்டிச் சரியவைத்த பையன்கள் இந்தப் பூட்டைத்தான் உடைத்தார்கள். தொடைத்தசை ஓய்வில் இருந்ததால், சுதாரித்துத் தாங்குவதற்குள் கால் மடிந்துவிட்டது. மலை இறங்கும்போது இந்த வசதியே கிடையாது. ஒவ்வோர் அடியிலும் மடங்கிய முழங்கால். தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஏறியதைவிட இறங்கியதற்கே மறுநாள் தொடை அதிகம் கடுக்கிறது.

உடல் ஓய்வுக்காகப் போட்டுக்கொள்ளும் பூட்டை எதிராளியின் உடம்பில் போட்டுவிட முடியும் என்று கண்டவர்கள் சண்டைக் கலைஞர்கள். கன்னியாகுமரிப் பக்கத்து அடிமுறையில் பிடி உண்டு, பூட்டு உண்டு, பூட்டிலிருந்து விடுபடும் பிரிவும் உண்டு. ஜப்பானில் மொரிஹேய் உயெஷிபா (1883–1969), தாக்கேதா சொகாக்குவிடம் கற்ற தைத்தோ-ரியூ முறையிலிருந்து ஐகிடோவை உருவாக்கினார். அதிலும் மணிக்கட்டையும் முழங்கையையும் பூட்டும் முறைகளே முதன்மையானவை. இரண்டும் வேறு வேறு மண்ணில் வளர்ந்தவை. ஆனால் மனித மூட்டு ஒன்றேதான், அதன் எல்லைகளும் அவையேதான்.

உங்கள் கையிலேயே பார்த்துவிடலாம். முழங்கையை இடுப்போடு ஒட்டி, செங்கோணத்தில் மடக்கி, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புங்கள். ஏறக்குறைய அரைவட்டத்தோடு கை நின்றுவிடும். இப்போது முழங்கையை நீட்டி அதே திருப்பலைச் செய்யுங்கள். கை இன்னும் வெகுதூரம் சுழல்கிறது. காரணம், தோளும் சேர்ந்துகொண்டது. ஐகிடோவின் சங்கியோ பூட்டு இங்கேதான் வேலை செய்கிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோல எதிராளியின் கையைத் திருகும்போது, முழங்கை மடங்கியிருப்பதால் முன்கையின் சுழற்சி சீக்கிரமே எல்லையைத் தொடுகிறது. முன்கையின் இரண்டு எலும்புகளும் இனிமேல் ஒன்றின் மேல் ஒன்று உருள முடியாது. அதற்கு மேல் வரும் திருகல் முழங்கைக்கு ஏறுகிறது, அங்கிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முதுகுக்கு. இளக்கம் தீர்ந்த மூட்டு வழியாக முழு உடலுமே கைக்குள் வந்துவிடுகிறது. எதிராளி குதிகாலைத் தூக்கி, எம்பி, தானே நகர்கிறார். அவருடைய எடைமையம் பாதங்களுக்கு வெளியே போன கணத்தில் விழுவதைத் தவிர வழியில்லை.

நெம்புகோலும் பூட்டுபவர் பக்கமே நிற்கிறது. முழங்கையை மடக்கும் இருதலைத்தசை, மூட்டுக்குச் சில சென்டிமீட்டர் தள்ளித்தான் எலும்பைப் பற்றியிருக்கிறது. பூட்டுபவரின் பிடியோ மணிக்கட்டில், முழங்கையிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் தொலைவில். கையை நீட்டவைத்துப் போடும் பூட்டில் அவர் தரும் 5 கிலோ அழுத்தத்தை எதிர்க்க, அந்தத் தசை 25 கிலோவுக்கு மேல் இழுத்தாக வேண்டும். மெலிந்த ஆசான் ஒருவர் முரட்டு ஆளை இரண்டு விரலால் மண்டியிட வைப்பதைக் கண்டு அமானுஷ்யம் என்று வியப்பவர்கள் உண்டு. அமானுஷ்யம் ஒன்றுமில்லை, இந்தக் கணக்கை உடம்பால் உணரும் அளவுக்குப் பழகியிருக்கிறாரே, அதுதான் எனக்கு வியப்பு.

பிரிவும் இதே கணக்கின் மறுபக்கம்தான். பூட்டு விழுந்தபின் கையை வெடுக்கென இழுத்தால் மூட்டு இன்னும் இறுகும். இளக்கம் தீர்வதற்கு முன்பே, திருகும் திசையிலேயே உடலைக் கொண்டுபோய், முழங்கையை விலாவோடு சேர்த்துவிட்டால் நெம்புகோல் குட்டையாகிவிடும். பலத்தைவிட இங்கே நேரம்தான் முக்கியம்.

மூட்டைச் சுற்றியுள்ள உறையிலும் நார்களிலும் வலியை உணரும் நரம்பு முனைகள் உண்டு. எல்லை நெருங்குகிறது என்று அவை எச்சரிக்கின்றன. ஆனால் வேகமாகப் போடும் பூட்டில் எச்சரிக்கைக்கும் கிழிசலுக்கும் இடையே நேரமே இருக்காது. நார்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் கிழிந்தால் ஆறுவதற்குத் தசையைவிட அதிக காலம் பிடிக்கும். வளரும் பிள்ளைகளுக்கோ எலும்பு முனையிலுள்ள வளர்ச்சிக் குருத்து, நாரைவிடப் பலவீனமானது. அதனால் பூட்டு பழக விரும்புகிறவர்கள் ஆசான் முன்னிலையில் மெதுவாகப் பழகுங்கள். எதிரில் இருப்பவர் போதும் என்று தட்டிய கணமே விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் மூட்டை எல்லை வரை ஒருபோதும் திருகாதீர்கள்.