மருத்துவக் கல்லூரி: பட்டியலில் எதை முதலில் எழுதுவது?



நீட் தேர்வு முடிவு வெளியான மறுநாளே பெற்றோர்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். "இந்த மார்க்குக்கு டாக்டர் சீட் கிடைக்குமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். "கல்லூரிகளை எந்த வரிசையில் எழுத வேண்டும்?" என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் பல குடும்பங்களின் நிம்மதி இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊர் விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள் நல்ல மதிப்பெண் எடுத்தார். கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலைக் கம்ப்யூட்டர் சென்டரில் வைத்துப் பதிவு செய்தார்கள். பெண் பிள்ளையை வெகுதூரம் அனுப்ப வாப்பாவுக்கு மனமில்லை. அதனால் வட மாவட்டத்து அரசுக் கல்லூரிகளைக் கீழே தள்ளிவிட்டு, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த ஒரு தனியார் கல்லூரியை மேலே எழுதினார்கள். 'அரசு ஒதுக்கீடு' என்று போட்டிருந்ததால் கட்டணமும் அரசுக் கல்லூரி அளவுதான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கல்லூரியே கிடைத்தது. கட்டணச் சீட்டைப் பார்த்த பிறகுதான் நம்மிடம் வந்தார்கள். அதே தரவரிசையில் அரசுக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருக்கும் என்பது பிறகு தெரிந்தது. நகை அடகுக்குப் போனது. முதல் ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியை நாம் ஜகாத் நிதியிலிருந்து கொடுத்தோம். அந்தப் பிள்ளை நன்றாகவே படிக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் பட்டியல் எழுதிய அன்று நம்மில் ஒருவர் அருகில் இருந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் நமக்கு இன்றும் உண்டு. இக்கட்டுரையை எழுதுவதும் அதனால்தான்.

இடங்கள் எப்படிப் பிரிக்கப்படுகின்றன?

அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. மீதி 85 சதவீதத்தைத் தமிழக அரசின் தேர்வுக் குழு நிரப்புகிறது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மாநில இடங்களில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் உண்டு. மதிப்பெண் உயர்ந்தால் 31 சதவீதப் பொதுப் பிரிவிலேயே நம் பிள்ளைக்கு இடம் கிடைக்கும். அகில இந்திய ஒதுக்கீட்டில் இந்த 3.5 சதவீதம் கிடையாது. அங்கே 27 சதவீத ஓ.பி.சி. பிரிவில்தான் கேட்க முடியும். அதற்கு மத்திய அரசுப் படிவத்தில் வேறு சான்றிதழ் வாங்க வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சுயநிதிக் கல்லூரி கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு இது பொருந்தாது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைப் பள்ளி மாற்றும்போதே பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கட்டணம்

அண்மை ஆண்டுகளில் அரசுக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய்க்குள்தான் இருக்கிறது. விடுதிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் தனி. சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றாலே ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல் ஆகும். நிர்வாக ஒதுக்கீடு பதின்மூன்று லட்சத்தை ஒட்டி வரும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இருபது லட்சத்தைத் தாண்டும். 'அரசு ஒதுக்கீடு' என்பது இடத்தை யார் நிரப்புகிறார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. கட்டணத்தைச் சொல்வதில்லை.

பட்டியலின் வரிசை

பிள்ளையின் முறை வரும்போது, கணினி பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். எந்தக் கல்லூரியில் முதலில் இடம் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். ஆகவே கிடைக்காது என்று தோன்றும் பெரிய கல்லூரியை முதலில் எழுதுவதால் நட்டமில்லை. கட்ட முடியாத கட்டணம் உள்ள கல்லூரியை எழுதினால்தான் நட்டம். எழுதாத கல்லூரி கிடைக்கப் போவதில்லை. எழுதிய கல்லூரி கிடைத்துவிட்டாலோ, பிந்திய சுற்றுகளில் வேண்டாம் என்பவர்கள் வைப்புத்தொகையை இழக்க நேரும்.

நம் ஆலோசனை இதுதான்: தமிழகத்தில் உள்ள அரசுக் கல்லூரிகள் அனைத்தையும், மொத்தம் 36, முதலில் எழுதி முடியுங்கள். அதன் பிறகு, வீட்டு வருமானம் தாங்கும் என்றால் மட்டும், சுயநிதிக் கல்லூரிகளை எழுதுங்கள்.

நம் தென்காசி மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. அருகில் இருப்பவை திருநெல்வேலி (1965இல் தொடங்கியது, 250 இடங்கள்), விருதுநகர் (2022, 150 இடங்கள்), தூத்துக்குடி (150 இடங்கள்), ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி கல்லூரி (150 இடங்கள்). மதுரை 1954இல் தொடங்கிய பழைய கல்லூரி, அங்கும் 250 இடங்கள். இவற்றுக்கு எட்டாத தரவரிசை என்றால் கள்ளக்குறிச்சி, கிருஷ்ணகிரி போன்ற புதிய அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. தூரம் என்பது ஒரு இரவுப் பயணம்தான். கடன் பத்து ஆண்டு கூடவே வரும். விடுதி, சாப்பாடு, தொழுகை வசதி பற்றிக் கவலைப்படுவது நியாயம். அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு நோயாளிதான் பாடம். நம் வீட்டில் பெரிய நோய் என்றால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத்தானே ஓடுகிறோம்? அந்தக் கூட்டம்தான் அங்கே படிக்கும் மாணவருக்குக் கிடைக்கும் பயிற்சி. வார்டுகள் காலியாகக் கிடக்கும் கல்லூரியில் எத்தனை ஏ.சி. வகுப்பறை இருந்தாலும் அந்தப் பயிற்சி கிடைக்காது.

வெளிநாடு

ஏஜென்ட் சொல்லும் தொகையை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். வெளிநாட்டில் படிக்கவும் நீட் தகுதி வேண்டும். 2021 விதிகளின்படி ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதப் படிப்பும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் இருக்க வேண்டும். திரும்பி வந்து 300க்கு 150 மதிப்பெண் எடுத்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அதை எழுதுவோரில் பெரும்பாலானோர் ஒவ்வொரு முறையும் தோற்கிறார்கள். தேறிய பின் இங்கும் ஓராண்டுப் பயிற்சி உண்டு. 2022இல் உக்ரைனிலிருந்து படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிய பிள்ளைகளையும் மறக்க வேண்டாம்.

சேர்ந்த பிறகு

படிப்பு நான்கரை ஆண்டு, ஹவுஸ் சர்ஜன் பயிற்சி ஓராண்டு. முதல் ஆண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். பள்ளியில் முதல் மாணவராக இருந்த பிள்ளை முதல் இன்டர்னல் தேர்வில் தோற்பது சாதாரணம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலப் புத்தகம் மூன்று நான்கு மாதம் மலைப்பாக இருக்கும். பிறகு பழகிவிடும். அப்போது வீட்டிலிருந்து "இவ்வளவு செலவு பண்ணியும் இப்படியா?" என்று கேட்காதீர்கள். அதே சமயம் அலட்சியமும் கூடாது. முதல் ஆண்டுப் பாடங்களை நான்கு முயற்சிக்குள்ளும், முழுப் படிப்பையும் ஒன்பது ஆண்டுக்குள்ளும் முடிக்க வேண்டும் என்பது விதி.

இப்போதே செய்ய வேண்டியவை

பி.சி.எம். சாதிச் சான்றிதழ், ஓ.பி.சி. சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்கு முன்பே எடுத்து வையுங்கள். நம் சமுதாயத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. முஹம்மது என்ற ஒரே பெயரை ஆதாரில் ஒரு விதமாகவும், மதிப்பெண் பட்டியலில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். இனிஷியலும் மாறியிருக்கும். கலந்தாய்வு நேரத்தில் இதைத் திருத்த அவகாசம் இருக்காது. பத்தாம் வகுப்பிலேயே சரி செய்துவிடுங்கள்.

கலந்தாய்வு அறிவிப்பு வந்ததும், பட்டியலைப் பதிவு செய்யும் முன், பிள்ளையோடு ஒருமுறை நம் அலுவலகத்துக்கு வாருங்கள். வெள்ளைத்தாளில் முதலில் எழுதிப் பார்ப்போம். ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிரே கட்டணத்தைக் குறிப்போம். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றலாம். ஒரு மணி நேர வேலைதான். இன்ஷா அல்லாஹ், இனி நம் ஊரில் எந்த உம்மாவின் நகையும் பட்டியல் வரிசை மாறியதற்காக அடகுக்குப் போகக் கூடாது.

- செயலாளர்